நெஞ்சில் கை வைத்துச் சொன்ன பதில்: பெஞ்சமின் பிராங்க்ளின் வாழ்க்கை

உயர்ந்த கட்டடங்களின் உச்சியில் இடிதாங்கி நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மின்னல் தாக்கினால் அதன் வேகத்தை வாங்கித் தரைக்குள் விட்டுவிடும். அதைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். அமெரிக்க சுதந்திரத்துக்குப் பாடுபட்ட பெருந்தலைவர்களில் அவர் ஒருவர். 1776-ல் வெளியான சுதந்திரப் பிரகடனத்தில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது.

அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கமும் உண்டு. அவர் காலத்தில் ஒரு சங்கத்தில் சேருவது என்றால், பெயர் எழுதிச் சந்தா கட்டுவதோடு முடிந்துவிடாது. சேருவதற்கு ஒரு சடங்கு உண்டு. தலைவர் ஆவதற்கு வேறொரு சடங்கு உண்டு. பிராங்க்ளின் இந்தச் சடங்குகளுக்கு உட்பட்டார். சிலவற்றைத் தாமே நடத்திவைத்தார். ஒரு சடங்கு மனிதர்களை ஒன்றாகச் சேர்த்ததை அவர் கண்டார். சடங்கின் பேரால் ஒரு வாலிபனின் உயிர் போனதையும் கண்டார்.

மெழுகுவத்திக்காரர் மகன்

பிராங்க்ளின் 1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் மாட்டுக் கொழுப்பை உருக்கி மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றார். அவருக்குப் பதினேழு பிள்ளைகள். பிராங்க்ளின் பதினைந்தாவது பிள்ளை. ஆண்மக்களில் கடைசி.

பத்து வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. பன்னிரண்டாவது வயதில் அண்ணன் ஜேம்சின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒத்துப் போகவில்லை. அண்ணன் அடித்தார். தம்பி 1723-ல் வீட்டை விட்டு ஓடி, பிலடெல்பியா நகரம் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினேழு. அங்கே அச்சு வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டே அச்சகம் வைக்கத் தேவையான சாமான்களை வாங்க லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

அச்சகத்துப் பேய்

லண்டனில் வாட்ஸ் என்பவருடைய பெரிய அச்சகத்தில் பிராங்க்ளினுக்கு வேலை. அங்கே தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதை அவர்கள் சேப்பல் என்று அழைத்தார்கள். சிறு கோயில் என்பது அந்தச் சொல்லின் பொருள். புதிதாக வருகிறவர் எல்லோருக்கும் மது வாங்கப் பணம் தர வேண்டும். அதுதான் அந்தச் சங்கத்தில் சேரும் சடங்கு.

முதலில் அச்சு இயந்திரம் இருந்த பகுதியில் வேலை செய்தபோது பிராங்க்ளின் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டார். பிறகு எழுத்துக் கோக்கும் பகுதிக்கு மாறினார். அங்கிருந்தவர்கள் மறுபடியும் ஐந்து ஷில்லிங் கேட்டார்கள். ஒரே அச்சகத்தில் இரண்டு முறை கட்டுவது அநியாயம் என்று அவர் மறுத்தார். முதலாளியும் அவர் பக்கமே பேசினார்.

அதன் பிறகு தொல்லை தொடங்கியது. அவர் சற்று வெளியே போனால், பிரித்து வைத்த எழுத்துக்கள் கலந்து கிடக்கும். அடுக்கிய பக்கங்கள் இடம் மாறி இருக்கும். யார் செய்தது என்று கேட்டால், சேப்பலில் சேராதவரைப் பிடிக்கும் பேய் செய்தது என்று பதில் வரும். இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் பணத்தைக் கட்டினார். தினமும் கூட இருந்து வேலை செய்ய வேண்டியவர்களோடு பகைத்துக்கொண்டு வாழ முடியாது என்பதை அன்று அவர் தெரிந்துகொண்டார்.

நான்கு கேள்விகள்

1726-ல் பிராங்க்ளின் பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு தாமே ஒரு சங்கம் தொடங்கினார். அதற்கு ஜூண்டோ என்று பெயர். அதில் பெரிய மனிதர்கள் அதிகம் இல்லை. கண்ணாடி பதிப்பவர், செருப்புத் தைப்பவர், தச்சர், நில அளவையாளர், அச்சுத் தொழிலாளர், கடைக் கணக்கர் ஆகியோர் சேர்ந்தார்கள். தோல் ஏப்ரன் சங்கம் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. வேலை செய்யும்போது உடுப்பு கெடாமல் இருக்க இடுப்பில் முன்பக்கம் கட்டும் தோல்தான் ஏப்ரன். கைத்தொழில் செய்பவர்களின் அடையாளம் அது.

இந்தச் சங்கத்தில் சேர மது வாங்கித் தர வேண்டியதில்லை. புதியவர் எழுந்து நிற்க வேண்டும். நெஞ்சில் கை வைக்க வேண்டும். நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே இருப்பவர்களில் யார் மீதாவது மனக்கசப்பு உண்டா என்பது முதல் கேள்வி. தொழிலும் மதமும் பாராமல் மனிதர் எல்லோரையும் நேசிக்கிறாரா என்பது இரண்டாவது. ஒருவருடைய கருத்துக்காகவோ வழிபாட்டு முறைக்காகவோ அவருடைய உடலுக்கும் பெயருக்கும் பொருளுக்கும் தீங்கு செய்யலாமா என்பது மூன்றாவது. உண்மையை உண்மைக்காகவே நேசித்து, அதைத் தேடிப் பிறருக்கும் சொல்வாரா என்பது நான்காவது. இவ்வளவுதான் சடங்கு.

உறுப்பினர் பன்னிரண்டு பேருக்கு மேல் கிடையாது. வெள்ளிக்கிழமை மாலையில் கூடுவார்கள். வாதத்தில் ஒருவர் மற்றவரை வெடுக்கென்று மறுத்துப் பேசினால் சிறு அபராதம் உண்டு. பேச்சோடு அவர்கள் நிற்கவில்லை. 1731-ல் பொதுச் சந்தாவில் ஒரு நூல் நிலையம் ஏற்பட்டது. 1736-ல் தீயணைக்கும் தொண்டர் படை ஏற்பட்டது. இரண்டுக்கும் பிராங்க்ளினும் ஜூண்டோ நண்பர்களும் முன்னின்று பாடுபட்டார்கள்.

கண் கட்டி, கதவு தட்டி

அந்நாளில் பிலடெல்பியாவில் இன்னொரு சங்கமும் இருந்தது. அதுதான் பிரீமேசன் சங்கம். மேசன் என்றால் கொத்தனார். பழங்காலத்தில் மாதா கோயில்களைக் கட்டிய கொத்தனார்களின் பழக்கவழக்கங்களை மற்றத் தொழில் செய்பவர்களும் எடுத்துக்கொண்டு நடத்திய சகோதர சங்கம் அது. 1717-ல் லண்டனில் அதன் தலைமைச் சங்கம் அமைந்தது. அங்கிருந்து அமெரிக்காவுக்கும் பரவியது. அதன் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர். இது தங்கும் விடுதி அல்ல; உறுப்பினர்கள் கூடும் சபை.

பிராங்க்ளின் அப்போது பென்சில்வேனியா கெஜட் என்ற பத்திரிகையை நடத்தி வந்தார். 1730 டிசம்பரில் அதில் பிரீமேசன்களைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரை வெளியிட்டார். சில வாரங்கள் கழிந்தன. 1731 தொடக்கத்தில் அவரே போய் அந்தச் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்!

சேருகிறவரை அந்தச் சங்கம் நடத்தும் விதம் விசித்திரமானது. அவரிடம் உள்ள காசு, மோதிரம், பொத்தான் முதலிய உலோகப் பொருள்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஏழையோ பணக்காரரோ, உள்ளே வரும்போது வெறுங்கையோடு வர வேண்டும். ஒரு முழங்காலை மூடும் துணியை நீக்குவார்கள். ஒரு காலில் செருப்பு இராது. கண்ணைக் கட்டி, கதவைத் தட்டி, கையைப் பிடித்து அறையைச் சுற்றி அழைத்துச் செல்வார்கள். பைபிளின் மேல் கை வைத்து, சங்கத்தின் ரகசியத்தைக் காப்பதாக அவர் சத்தியம் செய்வார். கட்டை அவிழ்த்ததும் சுற்றிலும் சகோதரர்கள் நிற்பதைக் காண்பார். பிறகு அவருக்கு வெள்ளைத் தோல் ஏப்ரனும் கையுறையும் கிடைக்கும். மூலைமட்டம், கவராயம், தூக்குக்குண்டு ஆகிய கொத்தனார் கருவிகள் நல்லொழுக்கத்தின் சின்னங்களாகப் பயன்பட்டன. சுவர் நேராக நிற்பதுபோல மனிதனும் நேராக நடக்க வேண்டும் என்பது கருத்து.

பெருந்தலைவர்

மூன்று ஆண்டுகளில் பிராங்க்ளின் படிப்படியாக உயர்ந்தார். 1734 ஜூன் 24-ந் தேதி பென்சில்வேனியா பிரீமேசன்களின் பெருந்தலைவர் ஆனார். அதற்கு கிராண்டு மாஸ்டர் என்று பெயர். அந்த நாள் யோவான் ஸ்நானகர் திருநாள். பிரீமேசன்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. அன்று அவருக்கு வயது இருபத்தெட்டுதான்.

அதே ஆண்டு அவர் பிரீமேசன்களின் சட்டப் புத்தகத்தைத் தம் அச்சகத்தில் மறுபதிப்புச் செய்தார். லண்டனில் ஆண்டர்சன் என்ற பாதிரியார் தொகுத்து 1723-ல் வெளிவந்த நூல் அது. அமெரிக்காவில் அச்சான முதல் பிரீமேசன் புத்தகம் அதுவே.

புதிய லாட்ஜின் தலைவர் பதவி ஏற்கும் முறையை அந்தப் புத்தகம் விவரிக்கிறது. தலைவராக வேண்டியவரைச் சபையின் முன் நிறுத்துவார்கள். அவரை ஏற்க உறுப்பினர்கள் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். தலைவரின் கடமைகளைப் படித்துக் காட்டி, அவற்றுக்குக் கட்டுப்படுவாரா என்று கேட்பார்கள். கட்டுப்படுவதாக அவர் ஒப்புக்கொண்ட பிறகே பதவி கிடைக்கும். சட்டப் புத்தகம், லாட்ஜின் பதிவேடு, கருவிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்துப் புத்தி சொல்வார்கள். அதன் பின்னரே உறுப்பினர்கள் அவரை வணங்குவார்கள். சட்டத்துக்குத் தலைவர் முதலில் தலைவணங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தலைவருக்கு மற்றவர்கள்.

மத வேற்றுமையைப் பற்றிய சண்டையோ அரசியல் சண்டையோ லாட்ஜுக்குள் வரக்கூடாது என்பதும் அந்தச் சட்டம்.

நிலவறையில் நடந்த கொடுமை

1737-ல் பிலடெல்பியாவை உலுக்கிய ஒரு சம்பவம் நடந்தது. இவான் ஜோன்ஸ் என்ற மருந்துக் கடைக்காரரிடம் டேனியல் ரீஸ் என்ற வாலிபன் தொழில் பழகி வந்தான். அவனுக்குப் பிரீமேசன் சங்கத்தில் சேர ஆசை. அவன் கள்ளம் கபடம் அறியாதவன். ஜோன்சும் சில கூட்டாளிகளும் அந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். இருந்தும் அவனைச் சேர்த்துக்கொள்வதாக நம்பவைத்தார்கள். ஒரு போலிச் சடங்கு நடத்தி, பிசாசின் பேரால் சத்தியம் செய்யச் சொன்னார்கள். பேதி மருந்து கலந்த பானத்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். அவன் எல்லாவற்றையும் நம்பினான்.

கேலி செய்தவர்கள் இந்தக் கதையை ஒரு மதுவிடுதியில் பிராங்க்ளினிடம் சொல்லிச் சிரித்தார்கள். தொடக்கத்தில் அவரும் சிரித்துவிட்டார். கதை முற்ற முற்ற அவர் முகம் மாறியது. ஆனால் அந்தப் போலிச் சத்தியத்தின் நகலைக் கேட்டு வாங்கினார், நண்பர்களுக்கும் காட்டினார். ஏமாந்த பையனை எச்சரிக்க நினைத்தார். அது முடியாமல் போயிற்று.

சில நாள் கழித்து, ஜூன் மாதத்தில் ஓர் இரவு, இரண்டாம் படி சடங்கு என்று சொல்லி அவனை ஒரு நிலவறைக்கு அழைத்துப் போனார்கள். ஒருவன் மாட்டுத் தோலும் கொம்பும் அணிந்து பிசாசு வேடம் போட்டிருந்தான். ஒரு பாத்திரத்தில் சாராயம் நீல நிறமாக எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லோருடைய முகமும் பிணத்தின் முகம்போல் தெரிந்தது. பையன் பயப்படவில்லை. அப்போது எரியும் சாராயம் அவன் நெஞ்சில் கொட்டியது. பாத்திரம் ஜோன்சின் கையில் இருந்தது. உடல் வெந்து, இரண்டு மூன்று நாள் துடித்து, டேனியல் இறந்து போனான்.

பிரீமேசன்கள் உடனே பத்திரிகையில் அறிக்கை விட்டார்கள். இந்தக் கொடுமைக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தெரிவித்தார்கள். 1738 தொடக்கத்தில் வழக்கு நடந்தது. பிராங்க்ளின் சாட்சி சொன்னார். ஜோன்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. அவருடைய கையில் சூடு போட்டார்கள். அவ்வளவுதான் தண்டனை!

போட்டிப் பத்திரிகை பிராங்க்ளினைச் சாடியது. கேலியை ஊக்குவித்தார் என்று குற்றம் சாட்டியது. அவர் தம் பத்திரிகையில் விளக்கம் எழுதினார். முதலில் சிரித்ததையும் நகலை வாங்கியதையும் அவர் மறைக்கவில்லை. சேப்பலில் எழுத்துக்களைக் கலைத்த பேய் வெறும் விளையாட்டுப் பேய். நிலவறையில் வந்த பேயோ உயிரையே கொண்டுபோயிற்று. அன்பில்லாதவர்கள் கையில் சடங்கு சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வாலிபனின் மரணமே சாட்சி.

செய்தி பாஸ்டனில் இருந்த பெற்றோர் காதுக்கும் எட்டியது. மகன் ஏதோ ரகசியக் கூட்டத்தில் சேர்ந்து கெட்டுப் போகிறானோ என்று தாய் கவலைப்பட்டார். பிராங்க்ளின் கடிதம் எழுதினார். மதத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் விரோதமான கொள்கை எதுவும் அந்தச் சங்கத்தில் இல்லை என்று உறுதி சொன்னார். பெண்களை அங்கே சேர்ப்பதில்லை. அதனால் தாய்க்கு அதன் மேல் கோபம் வருவது நியாயமே என்றும் ஒப்புக்கொண்டார்.

பாரிஸில் ஒரு முதியவர்

ஆண்டுகள் ஓடின. அமெரிக்கா சுதந்திரப் போரில் இறங்கியது. பிரெஞ்சு நாட்டின் உதவியைப் பெற பிராங்க்ளினை அனுப்பினார்கள். 1776 டிசம்பரில் அவர் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். வயது எழுபது. 1778 பிப்ரவரி 6-ந் தேதி இரு நாடுகளும் நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டன.

பாரிஸில் ஒன்பது சகோதரிகள் என்ற பெயரில் ஒரு லாட்ஜ் இருந்தது. கலைகளுக்குத் தெய்வங்களாகக் கிரேக்கர் வணங்கிய ஒன்பது தேவியரின் நினைவாக வைத்த பெயர் அது. லலாந்த் என்ற வானநூல் அறிஞர் 1776-ல் அதை நிறுவினார். எழுத்தாளர்களும் விஞ்ஞானிகளும் அதில் இருந்தார்கள்.

1778 ஏப்ரல் 7-ந் தேதி அந்த லாட்ஜில் சேர ஒரு முதியவர் வந்தார். அவர்தான் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் வால்டேர். மத வெறியை வாழ்நாள் முழுவதும் எதிர்த்து எழுதியவர். அப்போது வயது எண்பத்து மூன்று. உடல் தளர்ந்திருந்தது. அவர் பிராங்க்ளினின் கையில் சாய்ந்தபடி உள்ளே நுழைந்தார். முதுமையைக் கருதி, வழக்கமான சோதனைகளை அவருக்கு வைக்கவில்லை. ஹெல்வேசியஸ் என்ற தத்துவ ஞானி அணிந்த ஏப்ரனை அவருக்குக் கட்டினார்கள். அவர் இறந்து ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. வால்டேர் அந்தத் தோலை எடுத்து முத்தமிட்டார்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மே 30-ந் தேதி வால்டேர் காலமானார். பாரிஸில் அவரை அடக்கம் செய்ய மத குருமார் இடம் கொடுக்கவில்லை. உடலை வெளியூருக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அவரைப் பகிரங்கமாகப் புகழ்வதே ஆபத்து என்ற நிலை. அப்படியும் நவம்பர் 28-ந் தேதி அந்த லாட்ஜ் அவருக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தியது. அமெரிக்கத் தூதராக இருந்த பிராங்க்ளினும் அதில் கலந்துகொண்டார். மேலிடத்தின் கோபம் லாட்ஜின் மேல் திரும்பியது. அந்தச் சங்கடமான நேரத்தில், 1779-ல், லாட்ஜ் பிராங்க்ளினைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இரண்டு ஆண்டு அவர் அந்தப் பொறுப்பை வகித்தார். கருத்துக்காக எவருக்கும் தீங்கு செய்யக்கூடாது என்று ஜூண்டோவில் நெஞ்சில் கை வைத்து ஏற்ற கொள்கையை, ஐம்பது ஆண்டுக்குப் பிறகு அயல் நாட்டில் காப்பாற்றினார்.

திறக்காத கதவு

ஆனால் இரண்டாவது கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. மனிதர் எல்லோரையும் நேசிப்பதாகச் சொன்ன அதே பிராங்க்ளின், தம் வீட்டில் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. சகோதரத்துவம் பேசிய சங்கங்களும் அப்படியே நடந்தன. 1775-ல் பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத் தலைவரையும் அவருடைய தோழர் பதினான்கு பேரையும் ஐரிஷ் சிப்பாய்களின் லாட்ஜ் ஒன்று சேர்த்துக்கொண்டது. அமெரிக்க வெள்ளையரின் லாட்ஜுகள் அவர்களைச் சகோதரர்களாக ஏற்கவில்லை. லண்டன் தலைமைச் சங்கம் 1784-ல் அவர்களுக்கு அனுமதிப் பத்திரம் வழங்கியது.

பிராங்க்ளின் மெல்ல மெல்ல மனம் மாறினார். 1787-ல் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவர் ஆனார். அவர் கடைசியாக ஏற்ற பெரிய பொறுப்புகளில் அதுவும் ஒன்று. 1790 பிப்ரவரியில், அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று அமெரிக்க காங்கிரஸ் சபைக்கு அனுப்பிய மனுவில் தலைவர் என்ற முறையில் கையெழுத்திட்டார். சபை அதை ஏற்கவில்லை. எண்பத்து நான்கு வயதில், படுத்த படுக்கையாக இருந்தபோதும், அடிமை முறையை ஆதரித்துப் பேசிய ஓர் உறுப்பினரைக் கேலி செய்து பத்திரிகைக்கு எழுதினார். நெஞ்சில் கை வைத்துச் சொன்ன பதிலை நிறைவேற்ற அவருக்கு அறுபது ஆண்டு பிடித்தது.

கடைசி ஊர்வலம்

1790 ஏப்ரல் 17-ந் தேதி பிராங்க்ளின் மறைந்தார். நான்கு நாள் கழித்து நடந்த இறுதி ஊர்வலத்தைக் காண ஏறத்தாழ 20,000 பேர் கூடினார்கள். நகரின் எல்லா மதப் பிரிவுகளின் குருமாரும் உடலுக்கு முன்னே நடந்தார்கள். அச்சகத்தார் தங்கள் தொழிலாளர்களோடும் தொழில் பழகும் பிள்ளைகளோடும் வந்தார்கள்.

பிரீமேசன் சடங்கு மட்டும் நடக்கவில்லை. அந்தச் சங்கம் இரண்டாகப் பிளந்து, பிலடெல்பியாவில் எதிர்ப் பிரிவின் கை ஓங்கியிருந்தது. பழைய பெருந்தலைவரை அவர்கள் தம்மவராகக் கருதவில்லை. அவர் பிறந்து இருநூறு ஆண்டு நிறைந்த 1906-ல்தான் பென்சில்வேனியா பிரீமேசன்கள் அவர் கல்லறையில் அஞ்சலிச் சடங்கு நடத்தினார்கள்.

பிராங்க்ளின் அந்தக் கௌரவத்தை எதிர்பார்த்திருக்கவும் மாட்டார். அவர் தூதராக இருந்தார். மாநிலத் தலைவராக இருந்தார். விஞ்ஞானி என்று உலகம் போற்றியது. ஆனால் தம் உயிலில் பெயருக்கு அடுத்தபடியாக அவர் எழுதிய பட்டம் அச்சுத் தொழிலாளர் என்பதுதான்.